சிங்கப்பூருக்கு வழி கேட்டவர்கள்

ஓசூரைச் சுற்றியுள்ள பசுமைக்குடில்களில் பறிக்கப்படும் ரோஜா மலர்களில் ஒரு பகுதி, பெங்களூரு விமான நிலையம் வழியாகச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிறது. பிப்ரவரி 14-ஐ ஒட்டிய வாரங்களில் இந்த ஏற்றுமதி மிகுதி. பூவுக்கு வழி தெரிய வேண்டியதில்லை. பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதே ஊரிலிருந்து அதே நகரத்துக்குப் புறப்படும் மனிதரின் நிலை அப்படியல்ல. எந்த மாதம் போவது, எத்தனை நாளில் சேர்வது, என்ன உடுத்துவது, நம் பணம் அங்கே செல்லுமா, எங்கே தங்குவது, வழியில் நோய் வந்தால் என்ன செய்வது என்று அவர் பத்துப் பேரைக் கேட்கிறார்.

இக்கேள்விகள் எவையும் புதியன அல்ல. தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்களுக்குப் போனவர்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பும் இவற்றையே கேட்டார்கள். பாய்க்கப்பல், நீராவிக் கப்பல், விமானம் என்று ஊர்தி மாறும்போதெல்லாம் விடைகள் மாறின. அவற்றோடு, விடை யார் கையில் இருந்தது என்பதும் மாறியது. ஒரு காலத்தில் துறவியிடம் கேட்டார்கள், பிறகு வணிகர் குழுவிடம், பிறகு கங்காணியிடம், இன்று முகவரிடம். கேட்டவர் பிழைத்ததும் நொடித்ததும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைந்தன. கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரம் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கடலையே பார்த்திராதவர் கடல் கடக்கும்போது, பிறர் சொல்வதை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. ஆகவே இவ்வரலாற்றை இந்த வட்டாரத்திலிருந்து பார்ப்பதில் ஒரு பொருத்தம் உண்டு.

நிழலை அளந்த துறவி

கி.பி. 671-ஆம் ஆண்டில் இத்சிங் என்னும் சீனத் துறவி காண்டன் துறைமுகத்தில் கப்பலேறினார். இருபது நாட்களுக்குள் சுமத்ரா தீவில் இருந்த ஸ்ரீவிஜய நகரை, அதாவது இன்றைய பாலெம்பாங்கை அடைந்தார். அங்கே ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் கற்றார். பின் கடாரம் வழியாக 673-இல் வங்காளத்தின் தாமிரலிப்தித் துறைமுகம் சேர்ந்தார். இந்தியாவுக்குப் படிக்கச் செல்லும் சீனத் துறவிகள் முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரு ஆண்டுகள் தங்கிப் பயின்றுவிட்டுச் செல்வது நல்லது என்று அவர் எழுதிவைத்தார். தென்கிழக்கு ஆசிய நகரம் ஒன்றைப் பற்றிப் பயணிகளுக்குக் கூறப்பட்ட மிகப் பழைய நடைமுறை அறிவுரைகளில் இதுவும் ஒன்று.

அவர் தந்த விவரங்களில் ஒன்று அறிவியல் மாணவர்களுக்குச் சுவையானது. ஆண்டில் இருமுறை, இளவேனில் நடுவிலும் இலையுதிர்கால நடுவிலும், அந்நகரில் நண்பகலில் நிற்கும் மனிதனுக்கு நிழல் விழுவதில்லை என்று அவர் குறித்திருக்கிறார். பாலெம்பாங் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே மூன்று பாகை தொலைவில்தான் உள்ளது. சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் மார்ச்சு, செப்டம்பர் மாதங்களை ஒட்டி அது அங்கே நேர் உச்சிக்கு வரும். இந்த நிழலற்ற நாள் நம் நாட்டிலும் உண்டு. ஓசூர் வட அகலாங்கு 12.7 பாகையில் இருப்பதால் இங்கு அது ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18-ஐ ஒட்டியும் நிகழ்கிறது. ஒரு குச்சியை நட்டு மாணவர்கள் தாங்களே பார்க்கலாம். அக்காலப் பயணிக்கு நிழல் வெறும் வேடிக்கையன்று. தான் எவ்வளவு தெற்கே வந்திருக்கிறோம் என்பதை அதைக் கொண்டே அவர் உணர்ந்தார்.

அதே காலத்தில் ஊசிங் என்னும் மற்றொரு சீனத் துறவி கடாரத்திலிருந்து முப்பது நாட்களில் நாகப்பட்டினம் வந்து சேர்ந்ததையும் இத்சிங் பதிவுசெய்துள்ளார். முப்பது நாள் என்பது காற்று ஒத்துழைத்தபோது ஆன காலம். ஒத்துழைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாகியானின் பயணம் காட்டியது. இலங்கையிலிருந்து இருநூறுக்கு மேற்பட்டோருடன் கிளம்பிய அவர் கப்பல் புயலில் சிக்கியது. பதின்மூன்று நாள் அலைக்கழிந்து, நீர் புகுந்து, சரக்குகளைக் கடலில் எறிந்து, மூன்று மாதம் கழித்தே கீழைத்தீவு ஒன்றில் கரை கண்டது. அங்கே அடுத்த காற்றுக்காக ஐந்து மாதம் காத்திருந்தார்கள்.

'எப்போது போகலாம்' என்ற கேள்விக்கு அன்று காற்றே விடை. கோடையில் ஆசிய நிலப்பரப்பு சூடாகிறது. அதன் மேலுள்ள காற்று விரிந்து எழுகிறது. கடலிலிருந்து ஈரக்காற்று அந்த இடத்தை நோக்கி விரைகிறது. புவியின் சுழற்சி அதை வலப்புறம் திருப்புவதால் அது நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றாகி, வங்கக் கடலில் கப்பலைக் கிழக்கே தள்ளும். குளிர்காலத்தில் நிலம் குளிர, காற்று எதிர்த்திசையில் வீசும். அதுவே வாடை. திரும்பி வருவதற்கு உகந்த காற்று அது. இரண்டுக்கும் இடையே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வங்கக் கடலின் புயல்கள். இந்தக் கணக்கை அறிந்த மாலுமிக்குக் கடல் ஒரு சாலை. அறியாதவருக்கு அது சுடுகாடு.

காற்றுக்குக் காத்திருக்கும் மாதங்களில் பயணி எங்காவது தங்க வேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும். தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளம் ஒன்று வெட்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் ஆகியோரின் காவலில் விடப்பட்டதையும் சொல்கிறது. மணிக்கிராமம் என்பது வணிகர் குழு. அயல்நாட்டுக் கரையில் தமிழ் எழுத்தில் ஒரு குளத்தின் பெயரும் அதற்குப் பொறுப்பானவர் பெயரும்! ஒரு வழிப்போக்கனுக்கு இதைவிடப் பயனுள்ள அறிவிப்பு எது? ஆனால் காற்றின் கணக்கும் துறைமுக வழக்கமும் சந்தை விலையும் அந்தக் குழுவினரிடமே இருந்தன. குழுவுக்கு வெளியே இருந்தவர் அவர்களோடு போக வேண்டும், அல்லது போகாமல் இருக்க வேண்டும்.

மூன்று தண்டவாளங்கள், ஒரு கங்காணி

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1786-இல் பினாங்கும் 1819-இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் வசமாயின. ராபிள்சுடன் 1819-இல் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வந்த நாராயண பிள்ளை, செங்கல் சூளை வைத்து, பின் 1827-இல் மாரியம்மன் கோயில் எழக் காரணமானார். சவுத் பிரிட்ஜ் சாலையில் அக்கோயில் இன்றும் உள்ளது. புதிதாக வந்திறங்கும் தமிழர் முதலில் விசாரித்துச் சென்ற இடங்களில் அதுவும் ஒன்று. செட்டியார்கள் மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகளை அமைத்துக்கொண்டார்கள். கடையும் அதுவே, இருப்பிடமும் அதுவே. தன் ஊர்க்காரரின் கிட்டங்கி முகவரி கையில் இருந்தவருக்கு அந்நகரம் அந்நியமாகத் தோன்றியிராது.

அந்த முகவரி இல்லாதவர்கள் மிகப் பலர். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பெரும்பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. கிருஷ்ணகிரியும் ஓசூரும் அன்று சேலம் மாவட்டத்தில் அடங்கியவை. தருமபுரி மாவட்டம் 1965-இல்தான் பிரிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல். ஆகவே மலேயாவுக்குப் போனவர்களின் பதிவேடுகளில் இந்த வட்டாரத்தார் 'சேலம்' என்ற பெயருக்குள் மறைந்து கிடக்கிறார்கள். தம் கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடும் மலேசியத் தமிழர் சிலருக்குச் 'சேலம்' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அதே ஆண்டுகளில் நம் வட்டாரத்துக்கும் இரயில் வந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம், ஏனெனில் கிருஷ்ணகிரி நகரில் இன்று இரயில் நிலையம் இல்லை. 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும், 1913-இல் தருமபுரியிலிருந்து ஓசூருக்கும் குறுகிய பாதை இரயில்கள் ஓடத் தொடங்கின. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான். 1930 வாக்கில் ஓசூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு இரயிலில் போக நினைத்தவர், மொரப்பூர் வரை இந்தக் குறுகிய பாதையிலும், அங்கிருந்து அகலப் பாதையிலும், திருச்சிக்குக் கிழக்கே மீட்டர் பாதையிலும், ஆக மூவகைத் தண்டவாளங்களிலும் பயணம் செய்ய வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941-இல், இந்தக் குறுகிய பாதைகள் மூடப்பட்டுப் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஓசூருக்குப் பின்னாளில் வேறு பாதை வந்தது. கிருஷ்ணகிரிக்கு வரவில்லை.

இரயிலில் இவர்களை அழைத்துச் சென்றவர் யார்? கங்காணி. தோட்டத்தில் ஏற்கெனவே வேலை பார்த்தவர். துரையின் உரிமச் சீட்டோடு சொந்த ஊருக்கு வந்து ஆள் திரட்டுபவர். போகிறவரைக் கிராம முன்சீப்பிடம் காட்டிக் கையெழுத்துப் பெற வேண்டும் என்பது விதி. நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் குடிபெயர்வு முகாம்கள் இருந்தன. கப்பல் கட்டணத்தைத் தோட்ட முதலாளிகளின் வரியால் அமைந்த நிதி 1908 முதல் ஏற்றது. எல்லாம் ஒழுங்காகத்தான் தோன்றும். ஆனால் அங்கே வேலை எப்படி, கூலி எவ்வளவு, காய்ச்சல் உண்டா என்ற கேள்விகளுக்கு விடை சொன்னவரும் அதே கங்காணி. அழைத்து வரும் ஆளுக்குத் தக்கபடி அவருக்கு வருமானம். உண்மை சொன்ன கங்காணிகளும் இருந்தனர். தன் அண்ணன் தம்பிகளையே அழைத்துப் போனவர் ஏன் பொய் சொல்லப் போகிறார்? இருந்தாலும், விடை தருபவரின் கூலி நம் 'சரி'யைப் பொறுத்திருக்கும்போது, அந்த விடையைச் சரிபார்க்க இன்னொரு வழி இருக்க வேண்டும். அன்று அது இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு: பணம். மலேயாவின் வெள்ளி 1906-இல் 2 ஷில்லிங் 4 பென்சு, அதாவது 28 பென்சு என நிர்ணயிக்கப்பட்டது. இந்திய ரூபாய் 1927 முதல் 18 பென்சு. 28-ஐ 18-ஆல் வகுத்தால் ஒரு வெள்ளிக்கு 1.56 ரூபாய், அதாவது ஒரு ரூபாய் ஒன்பது அணா. 1920-களின் இறுதியில் பல தோட்டங்களில் ஆண்களுக்கு நாட்கூலி 50 காசு, பெண்களுக்கு 40 காசு எனத் திட்டமிடப்பட்டிருந்தது. 50 காசு என்பது பன்னிரண்டரை அணா. வறண்ட மானாவாரி நிலத்தில் கூலி வேலை செய்தவர் காதில் பன்னிரண்டரை அணா என்பது தேனாகப் பாய்ந்திருக்கும். அங்கே அரிசி என்ன விலை, காய்ச்சலில் படுத்த நாட்களுக்குக் கூலி உண்டா என்பவை அந்தக் கணக்கில் வருவதில்லை.

1929-க்குப் பின் உலகப் பெருமந்தத்தில் ரப்பர் விலை சரிந்தது. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி 1870-71-லேயே போடப்பட்டிருந்தது. ஆகையால் விலை விழுந்த செய்தி வணிகருக்கு அன்றே தெரியும். கிராமத்துக்கோ, திரும்பி வந்தவர்களின் முகம்தான் தந்தி. 1930-ஐ அடுத்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையாகத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938-இல் இந்திய அரசு உதவித்தொகையுடன் கூடிய ஆள்திரட்டலைத் தடைசெய்தது. பிறகு போர் வந்தது. 'மூன்று மாத வேலை' என்று சொல்லி மலேயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் அழைத்துச் சென்ற தமிழர்கள் சயாம்-பர்மா இரயில் பாதையில் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அந்த ஆண்டுகளில் சேர்த்துவைத்த ஜப்பானிய வாழைமர நோட்டுகள் 1945-இல் ஒரே நாளில் வெறும் காகிதமாயின.

ஏழு நாள் கடல்

விரும்பிப் போனவர்களின் கடல் பயணம் வேறு கதை. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் நீராவிக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. போருக்கு முன் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்ததாம்! சிங்கப்பூர் சேர ஒரு வாரம் ஆகும். காற்றின் திசை இனி ஒரு பொருட்டல்ல; நிலக்கரி இருந்தால் போதும். ஆனால் நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணுக முடியாது. ஆழம் போதாது. கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, மக்கள் படகில் போய், அலையில் எழுந்து தாழும் படகிலிருந்து ஏணியைப் பற்றி ஏற வேண்டும். நிலத்தையே அறிந்த மேட்டுநாட்டுக்காரருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இறங்குமுன் குவாரண்டைன். பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூருக்குத் தெற்கே செயின்ட் ஜான்ஸ் தீவிலும் நோய்த்தடுப்பு முகாம்கள் இயங்கின. கப்பலில் ஒருவருக்கு அம்மையோ காலராவோ கண்டால் எல்லோரும் அங்கே இறங்க வேண்டும். நோய்க்கிருமி உடலில் புகுந்து அறிகுறி தோன்றும்வரை உள்ள இடைவெளி கழிய வேண்டும் என்பதே இதன் அறிவியல். அம்மைக்கு அது பெரும்பாலும் 10 முதல் 14 நாள். கப்பல் ஓடுவதோ ஏழு நாள். ஊரில் தொற்றியவர் நலமாகவே கப்பலில் இருந்து இறங்கிவிடுவார். அதன் பிறகே காய்ச்சல் காணும். எனவேதான் அம்மை குத்திய சான்றிதழ் கடவுச்சீட்டுக்கு அடுத்த முக்கியத் தாளாயிற்று. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக 1980-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்த பிறகு அந்தத் தாள் மறைந்தது. நாற்பதாண்டுகள் கழித்து, கொரோனாத் தொற்றுக்காலத்தில், தடுப்பூசிச் சான்று கைப்பேசி வடிவில் சில காலம் திரும்பி வந்ததை நாம் அறிவோம்.

இந்தக் கப்பல் யுகத்தில்தான் பயண விவரம் அச்சேறியது. சிங்கப்பூரில் 1887-இல் 'சிங்கை நேசன்' வார இதழும், 1935-இல் 'தமிழ் முரசு'ம் தோன்றின. ஏ. கே. செட்டியார் ஊர் ஊராகச் சென்று கண்டதை எளிய தமிழில் எழுதினார். 'மலேயா முதல் கனடா வரை' அவர் நூல்களில் ஒன்று. வாய்வழியே ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னது, இப்போது நான்கணா கொடுத்த எவரும் படிக்கக்கூடியதாயிற்று. இதை நான் நீராவி எந்திரத்துக்கு இணையான மாற்றமாகவே கருதுகிறேன்.

'ரஜூலா' 1973-இல் இந்த வழித்தடத்திலிருந்து விடைபெற்றது. அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து நாற்பது பேர் வரை மாண்டனர். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய பயணிக் கப்பல் போக்குவரத்து அத்துடன் முடிந்தது. சாங்கி விமான நிலையம் 1981-லேயே திறந்தாயிற்று.

கடிகாரத்தைத் திருப்புவது ஏன்?

ஏழு நாள் நான்கரை மணி நேரமாகச் சுருங்கியதும் புதிய கேள்வி ஒன்று முளைத்தது. கப்பலில் போனவர் நாளுக்குச் சில நிமிடமாகக் கடிகாரத்தை முன்னே தள்ளிக்கொண்டு போவார், உடல் உணராது. விமானத்தில் போகிறவர் ஒரே தாவலில் இரண்டரை மணி நேரத்தை இழக்கிறார்.

ஓசூரில் 1980-களில் எழுந்த தொழிற்சாலைகளில் ஒன்று டைட்டன் கடிகார ஆலை. அங்கே செய்த கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஒருவர் சிங்கப்பூரில் இறங்குவதாகக் கொள்வோம். புவி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஓசூரின் நெட்டாங்கு 77.8 பாகை, சிங்கப்பூரின் நெட்டாங்கு 103.8 பாகை. வேறுபாடு 26 பாகை. நான்கால் பெருக்கினால் 104 நிமிடம். சூரியனைக் கேட்டால் வித்தியாசம் ஒன்றே முக்கால் மணிதான். பிறகு இரண்டரை மணி எங்கிருந்து வந்தது?

இந்தியா முழுமைக்கும் பொதுவான நேரம் 82.5 பாகை நெட்டாங்குக்கு உரியது. ஆதலால் ஓசூர்க் கடிகாரம் ஓசூர்ச் சூரியனைவிட 19 நிமிடம் முந்துகிறது. சிங்கப்பூர் பின்பற்றுவதோ அதற்கு வெகு கிழக்கே உள்ள 120 பாகைக்கு உரிய நேரம். அங்கே கடிகாரம் சூரியனைவிட 65 நிமிடம் முந்துகிறது. 104-உடன் 65-ஐக் கூட்டி 19-ஐக் கழித்தால் 150 நிமிடம். கணக்கு சரியாகிவிட்டது.

சிங்கப்பூர் ஏன் அப்படிச் செய்தது? 1905-இல் கிரீன்விச்சை விட 7 மணி முந்திய நேரத்தை ஏற்றது. இது சூரியனோடு ஏறக்குறைய ஒத்தது. 1933-இல் மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்தவென்று 20 நிமிடம் கூட்டினார்கள். 1941-இல் மேலும் 10 நிமிடம். 1942-இல் ஜப்பானியர் வந்து டோக்கியோ நேரத்தையே திணித்தார்கள், 9 மணி! அந்த ஆண்டுகளில் சிங்கப்பூரில் எட்டு மணிக்குத்தான் பொழுது புலர்ந்திருக்கும். போர் முடிந்ததும் பழைய ஏழரைக்குத் திரும்பினார்கள். 1982 ஜனவரி 1-இல் மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வைத்தபோது சிங்கப்பூரும் சேர்ந்துகொண்டு 8 மணிக்கு மாறியது. ஆகவே இன்று அந்நகரில் ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டியே சூரியன் உதிக்கிறது. ஓசூர் வழக்கப்படி ஆறு மணிக்குக் காலார நடக்கப் புறப்படும் சுற்றுலாப் பயணி இருட்டில்தான் நடப்பார்.

உடை விஷயத்திலும் ஓசூர்க்காரருக்கு ஓர் எச்சரிக்கை. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், காற்றில் ஈரம் குறைந்த ஊரில் பழகியவர் அவர். சிங்கப்பூரில் வெப்பம் 32 பாகை செல்சியசை ஒட்டித்தான் இருக்கும். நம் கிருஷ்ணகிரிக் கோடை இதைவிடக் கடுமை. ஆனால் காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை ஆவியாகாது. ஆவியாகும்போதுதான் உடலின் வெப்பத்தை அது எடுத்துச் செல்லும். ஆகவே குறைந்த வெப்பத்திலும் புழுக்கம் மிகும். பருத்தி உடையும் குடையும் போதும். ஒரே மழைக்காலம் என்று இல்லை என்றாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அதிகம். மின்சாரம் நமக்கு உள்ள அதே 230 வோல்ட்டு. செருகிதான் வேறு: நம்முடையது உருளை முனை, அவர்களுடையது தட்டை முனை. வாய்ப்புகையிலையும் சூயிங் கம்மும் கொண்டுபோகக் கூடாது. மொழிக் கவலை குறைவு. நான்கு ஆட்சிமொழிகளில் தமிழ் ஒன்று, பண நோட்டிலும் தமிழ் எழுத்து உண்டு. சிராங்கூன் சாலைப் பகுதியைத் தமிழர் 'தேக்கா' என்பர். அங்கே போய் எதையும் தமிழிலேயே கேட்கலாம்.

விமானம் ஏறுவதற்குப் பெங்களூரு நகரைக் கடந்து வடக்கே தேவனஹள்ளி வரை போக வேண்டும். அங்கு 2008-இல் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கான ஒப்பந்தத்தின்படி 150 கிலோமீட்டர் சுற்றளவில் 2033 வரை போட்டி நிலையம் வருவதற்குத் தடை உண்டு. ஓசூரில் பெரிய விமான நிலையம் அமைக்கப் போவதாகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தபோது இந்த விதியும் பேச்சுக்கு வந்தது. நெரிசல் நாட்களில் நகரத்தைக் கடக்க மூன்று மணி நேரம் ஒதுக்குவது நல்லது. நான்கரை மணிப் பயணத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

சுற்றுலா விசாவும் வேலையும்

இப்போது விவரங்கள் யாவும் கைப்பேசியில் கிடைக்கின்றன. கங்காணி மறைந்தார் என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் ஒப்பந்த வேலை பார்க்கும் தொழிற்பயிற்சிப் பள்ளி மாணவரும் பட்டயப் படிப்பு முடித்தவரும் 'முதலில் சுற்றுலா விசாவில் போ, அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்பவரை எங்காவது சந்திக்கவே செய்கிறார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்று, எல்லை கடத்தப்பட்டு, மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட தமிழக இளைஞர்கள் பதின்மூன்று பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். அவர்கள் படிக்காதவர்கள் அல்லர். சரிபார்க்க வேண்டிய இடம் எது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் செல்ல விசா தேவை. சுற்றிப் பார்க்கத் தரப்படும் அனுமதியில் வேலை செய்வது அங்கே குற்றம். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வருகைச் சீட்டைப் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் கட்டணமின்றி நிரப்பலாம். இதற்குப் பணம் கேட்கும் தளம் போலி. வேலைக்குப் போகிறவருக்கு, புறப்படுமுன்பே அந்நாட்டு மனிதவள அமைச்சு கொள்கையளவிலான அனுமதிக் கடிதம் வழங்கும். கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பது அதில் இருக்கும். நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற முகவர்களின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் உள்ளது. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். அத்தகையவர் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா ஆகிய நாடுகளுக்கு வேலைக்குச் செல்லத் தனி அனுமதி பெற வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. முகவர் காட்டும் அனுமதிக் கடிதம் மெய்யா என்பதை, அதிலுள்ள எண்ணைக் கொண்டு சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு காசும் செலவில்லை.